நீதிமன்றம் வருமுன் எழுதப்படும் சாட்சியம்

2022 ஜனவரி 13 அன்று ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம், அன்வர் ரஸ்லான் என்ற முன்னாள் சிரிய உளவுத்துறை அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. டமாஸ்கஸில் ‘251ஆம் பிரிவு’ என்று அறியப்பட்ட தடுப்புக்காவல் நிலையத்தில் குறைந்தது 4,000 பேர் சித்திரவதை செய்யப்பட்டதிலும், 27 பேர் கொல்லப்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு என்றது தீர்ப்பு.

அந்தக் குற்றங்கள் 2011, 2012 ஆண்டுகளில் நடந்தவை. அன்று அவற்றை விசாரிக்க எந்த நீதிமன்றமும் கண்ணுக்குத் தெரியவில்லை. சிரியா, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பு நாடு அல்ல. விவகாரத்தை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பும் ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானத்தை 2014 மே மாதம் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. ஆனாலும் எழுதுவதைச் சிலர் நிறுத்தவில்லை. தப்பி வந்தவர்களைத் தேடிப்பிடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். அரசுக் கோப்புகளை எல்லை தாண்டிக் கடத்தி வந்தார்கள். ‘சீசர்’ என்ற புனைபெயர் கொண்ட ராணுவப் புகைப்படக்காரர் 2013இல் 53,000க்கும் மேற்பட்ட படங்களோடு வெளியேறினார். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அந்தப் படங்களை ஆராய்ந்து, காவலில் இறந்த குறைந்தது 6,786 பேர் அவற்றில் இருப்பதாக 2015இல் அறிவித்தது. கோப்லென்ஸ் வழக்கில் இவையெல்லாம் சான்றுகளாயின.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. சட்டம் படித்தவர்கள், இதழாளர்கள், மருத்துவர்கள், புள்ளியியல் மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கணினிக்காரர்கள் என எல்லோருக்கும் இதில் இடம் உண்டு. எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் ஒருநாள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரிக்கு வரி படிப்பார் என்று எண்ணி எழுதுங்கள். கோபம் உங்களை இந்த வேலைக்குக் கொண்டுவரலாம், அது வேண்டியதுதான். ஆனால் அறிக்கையில் கோபத்தின் இடத்தில் தேதி இருக்க வேண்டும்.

கேட்கும் வேலை

களப்பணியின் பெரும்பகுதி பேச்சைக் கேட்பதுதான். அதில்தான் அதிகம் கெடுகிறது. “போலீஸ்காரங்க உங்களை அடிச்சாங்களா?” என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதில் வரும், அந்தப் பதில் நீதிமன்றத்தில் நிற்காது, விடையை நீங்களே ஊட்டிவிட்டீர்கள் என்பார்கள். “அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுக்கா, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். பிறகு இரண்டாவது சுற்றில் விவரம் கேளுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், என்ன உடை, என்ன மொழி பேசினார்கள், எந்த வண்டி, நீங்கள் எங்கே நின்றீர்கள், அங்கிருந்து என்ன தெரிந்தது?

ஒவ்வொரு செய்திக்கும் ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டாக வேண்டும். கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா, பிறர் சொன்னதா, ஊகமா? நான்கையும் குறிப்பேட்டில் தனித்தனியாகக் குறியுங்கள். ‘என் மகனை ராணுவம் கொண்டுபோனது’ என்று ஒரு தாய் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வண்டியில் ஏற்றியதை அவர் பார்த்தாரா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா? பக்கத்து வீட்டுக்காரர் என்றால், அடுத்து நீங்கள் போக வேண்டியது அவர் வீட்டுக்கு.

பலருக்குத் தேதி நினைவிருக்காது. அதனால் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றாகிவிடாது. மழைக்கு முன்பா பின்பா, அறுவடை முடிந்திருந்ததா, பெருநாளுக்கு எத்தனை நாள் இருந்தது, பிள்ளைக்குப் பள்ளித் தேர்வு நடந்துகொண்டிருந்ததா என்று கேட்டுக்கேட்டு நாளை நெருங்கலாம். இடம் குழப்பமாக இருந்தால் காகிதமும் பேனாவும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தாங்கள் அடைக்கப்பட்ட அறையைத் துல்லியமாக வரைந்து காட்டுவார்கள். அந்தத் தாளில் அன்றைய தேதியை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். சாட்சிகளைக் கூட்டமாக உட்கார வைத்துப் பேசாதீர்கள்; ஒருவர் நினைவு மற்றவர் நினைவோடு கலந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அவர் எந்த ஊர், எந்தச் சமூகம் என்று முன்பே விசாரியுங்கள். அவரைப் பார்த்ததுமே சாட்சி வாயை மூடிக்கொள்ளக்கூடும்.

ஒப்புதல் என்பது ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. பெயரில்லாமல் அறிக்கையில் எழுதலாமா, பெயரோடு எழுதலாமா, ஐ.நா. குழுவுக்குத் தரலாமா, நீதிமன்றம் கேட்டால் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சம்மதித்தவர் இன்னொன்றுக்கு மறுக்கலாம், பின்னர் மனம் மாறவும் செய்யலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. நிவாரணம் கிடைக்கும், விசா கிடைக்கும், குற்றவாளி சிறைக்குப் போவான் என்று எதையும் வாக்களிக்காதீர்கள். இது நான் விட்டுக்கொடுக்காத விதி.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் பயிற்சி இல்லாமல் போகவே கூடாது. ஈராக்கில் ஐஎஸ் பிடியிலிருந்து மீண்ட யசீதிப் பெண்களிடம் இதழாளர்களும் தொண்டு நிறுவனத்தாரும் புலனாய்வாளர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சொன்னவர்கள் நொந்தார்கள். ஒவ்வொரு முறை சொன்னபோதும் நேர்ந்த சிறு மாற்றங்கள் வழக்கில் அவர்களுக்கே எதிராகத் திரும்பும் நிலையும் வந்தது. 2022இல் வெளியான ‘முராத் நெறிமுறை’ இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. நோபல் அமைதிப் பரிசு பெற்ற நாதியா முராதின் பெயரைத் தாங்கியது. அது எழுப்பும் முக்கியமான கேள்வி: இந்த நேர்காணல் உண்மையிலேயே தேவையா? வேறொருவர் ஏற்கெனவே முறையாகப் பதிவு செய்திருந்தால் நீங்கள் போக வேண்டியதில்லை. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது கசக்கும். ஆனால் சாட்சியின் நலம் ஆவணத்தைவிடப் பெரிது. இரண்டும் மோதினால் ஆவணத்தை விட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் கற்க வேண்டியது

சித்திரவதையைப் பதிவு செய்வதற்கான ஐ.நா. கையேடு ‘இஸ்தான்புல் நெறிமுறை’. 1999இல் உருவாகி 2022இல் திருத்தப்பட்டது. மருத்துவர்களுக்காக எழுதப்பட்டதுதான், ஆனாலும் இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும் என்பேன். காரணம், அதிலுள்ள ஐந்து படிநிலைகள். ஒரு தழும்பு, சொல்லப்படும் சம்பவத்தோடு பொருந்தவில்லை என்பது முதல் படி. பொருந்துகிறது, ஆனால் வேறு காரணங்களாலும் வந்திருக்கலாம் என்பது இரண்டாவது. மிகவும் பொருந்துகிறது, வேறு காரணங்கள் குறைவு என்பது மூன்றாவது. இத்தகைய காயத்தில் வழக்கமாகக் காணப்படுவது என்பது நான்காவது. இதைத் தவிர வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்பது ஐந்தாவது.

உள்ளங்காலில் தடியால் அடிப்பது பல நாடுகளில் காவல் நிலையங்களின் வழக்கம். வெளித்தெரியும் தழும்பு அதிகம் இராது. அப்படியிருக்க ‘கொடூரமாகத் தாக்கப்பட்டார்’ என்று எழுதும் அறிக்கையை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் சாய்த்துவிடும். ‘நடக்கும்போது வலி இருப்பதாகச் சொல்கிறார், பரிசோதனையில் காணப்பட்டவை அவர் சொன்னதோடு பொருந்துகின்றன’ என்று எழுதினால் அந்த வரி நிற்கும். எவ்வளவு தெரியுமோ அவ்வளவே சொல்லும் இந்தப் பழக்கம் மருத்துவ அறிக்கைக்கு மட்டுமல்ல, நீங்கள் எழுதும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சந்தேக மரணங்களுக்கு ‘மின்னசோட்டா நெறிமுறை’ இருக்கிறது. 1991இல் வந்தது, 2016இல் திருத்தப்பட்டது. எலும்புகளைத் தோண்டியெடுத்து அடையாளம் காணும் கலையை ஒரு தலைமுறைக்கே கற்றுத்தந்த இடம் அர்ஜென்டினா. 1984இல் அமெரிக்கத் தடய மானுடவியலாளர் கிளைட் ஸ்னோ அங்கே போய், தொல்லியல், மானுடவியல், மருத்துவ மாணவர்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த மாணவர்கள் அமைத்த குழு பின்னர் உலகின் பல நாடுகளில் புதைகுழிகளைத் தோண்டி, காணாமல் ஆக்கப்பட்டோரின் எலும்புகளைக் குடும்பங்களிடம் சேர்த்தது. தொடங்கியபோது அவர்களுக்குப் பட்டம்கூட முடிந்திருக்கவில்லை.

காணொளி கையில் வந்தால்

2018 ஜூலையில் ஒரு காணொளி பரவியது. ராணுவ உடை அணிந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு சிறு குழந்தைகளையும் ஒரு மண்பாதையில் நடத்திச் சென்று சுட்டுக் கொல்கிறார்கள். எங்கே, எப்போது, யார் என்ற விவரம் எதுவும் இல்லை. கேமரூன் நாட்டு ராணுவம் என்று சிலர் சொன்னார்கள். அந்நாட்டு அரசு முதலில் அதைப் பொய்ச்செய்தி என்று தள்ளியது.

பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுப் பிரிவும் அதனோடு சேர்ந்து உழைத்த திறந்தமூல ஆய்வாளர்களும் காணொளியின் பின்னணியில் தெரிந்த மலைத்தொடரின் வடிவத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். கேமரூனின் வடகோடியில், நைஜீரிய எல்லைக்கு அருகே ஸெலெவெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் அது பொருந்தியது. பழைய செயற்கைக்கோள் படங்களில் அங்கிருந்த கட்டடங்கள் எப்போது எழும்பின, எப்போது காணாமல் போயின என்று பார்த்து ஆண்டைக் குறுக்கினார்கள். சிப்பாய்களின் நிழல் விழும் கோணத்தைக் கணக்கிட்டு, 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில் நடந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகஸ்டில் அரசு ஏழு ராணுவத்தினரைக் கைது செய்ததாக அறிவித்தது. 2020 செப்டம்பரில் நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது.

இந்த ஆய்வுக்குத் தேவைப்பட்ட படங்களில் பெரும்பகுதி எவரும் இணையத்தில் பார்க்கக்கூடியவை. தேவைப்பட்டது பொறுமை. ஆகவே ஊரில் இருந்தபடியே கற்கத் தொடங்க இது நல்ல வாசல். அம்னஸ்டி இன்டர்நேஷனல் 2016 முதல் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்து இத்தகைய சரிபார்ப்புக் குழுக்களை நடத்துகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ‘பெர்க்லி நெறிமுறை’ இந்த வேலைக்கான அடிப்படை நூல்.

ஒரு காணொளி வந்தவுடன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பார்ப்பதற்கு முன் மூலக் கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது மூலம் அல்ல, அது சுருக்கப்பட்டு விவரங்கள் உரிக்கப்பட்ட பிரதி. எடுத்தவரிடமே கேட்டு அவர் கைபேசியிலுள்ள கோப்பைப் பெற முயலுங்கள். கோப்புக்கு ‘ஹாஷ்’ கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த நீண்ட எண் மாறிவிடும், எனவே யாரும் கைவைக்கவில்லை என்று பின்னால் காட்டலாம். யாரிடமிருந்து, எந்த நாள், எந்த வழியாக வந்தது, பிறகு யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறு இடைவெளியில்லாமல் எழுதப்பட்டிருக்க வேண்டும். இணைய இணைப்பை மட்டும் சேமித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 2017இல் யூடியூப் வன்முறைக் காட்சிகளைத் தானியங்கி முறையில் அகற்றியபோது, சிரியப் போரின் சான்றுகளான காணொளிகள் பெருமளவில் மறைந்தன.

சம்பவ இடத்திலேயே இருப்பவர்களுக்கு ‘ஐவிட்னஸ் டு அட்ராசிட்டீஸ்’ போன்ற செயலிகள் உண்டு. இடமும் நேரமும் படத்தோடு பூட்டப்படும். 2018இல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் ஒரு ராணுவ நீதிமன்றத்தில் ஆயுதக்குழுத் தளபதிகள் இருவருக்குத் தண்டனை கிடைத்த வழக்கில் அப்படிப்பட்ட படங்கள் சான்றாக ஏற்கப்பட்டன.

குற்றவாளிகளும் எழுதி வைக்கிறார்கள்

புதிதாக வருபவர்கள் சாட்சிகளிடம் ஓடுகிறார்கள், கோப்புகளை மறந்துவிடுகிறார்கள். 2005இல் குவாத்தமாலா நகரில் பழைய தேசியக் காவல்துறையின் ஆவணக் கிடங்கு ஒன்று தற்செயலாக வெளிப்பட்டது. ஈரத்தில் ஊறி, எலியும் பூச்சியும் அரித்த ஏறத்தாழ 8 கோடிப் பக்கங்கள். ஒவ்வொன்றையும் தூசி தட்டி, வரிசைப்படுத்தி, நகலெடுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1984 பிப்ரவரியில் தொழிற்சங்கத் தலைவரும் மாணவருமான எட்கர் பெர்னாண்டோ கார்சியா காணாமல் ஆக்கப்பட்டார். அந்த நாளில் அந்த இடத்தில் நடந்த நடவடிக்கைக்காகக் காவலர்களுக்குப் பாராட்டு பரிந்துரைத்த காகிதம் அந்தக் கிடங்கில் கிடைத்தது. 2010இல் முன்னாள் காவலர்கள் இருவருக்குத் தலா 40 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பணிப்பட்டியல், வண்டியின் லாக் புத்தகம், எரிபொருள் ரசீது, மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேடு, விடுப்பு விண்ணப்பம் என அதிகாரம் தன் அன்றாடத் தேவைக்காக எழுதிவைத்தவற்றைத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இதற்கு நேரடிக் கருவி. நூலக அறிவியல் படித்தவர்களைப் பலர் இந்தத் துறைக்கு அழைப்பதே இல்லை. அழைக்க வேண்டும், கோப்பை ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர் இல்லாத குழு சேகரித்ததையெல்லாம் தானே தொலைத்துவிடும்.

பாகுபாட்டை எப்படிக் காட்டுவது?

அடி விழுந்தால் தழும்பு இருக்கும். வேலை மறுக்கப்பட்டால், வீடு மறுக்கப்பட்டால், மறுத்தவர் காரணத்தைச் சொல்லப்போவதில்லை. ‘இடம் நிரம்பிவிட்டது’ என்பார். தனி ஒருவர் விஷயத்தில் பாகுபாட்டை நிரூபிப்பது கடினம். அதனால் ஒப்பிட்டுக் காட்டும் முறையை ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். எல்லாத் தகுதியும் ஒன்றுபோல் உள்ள விண்ணப்பங்களை அனுப்பி, பெயரை மட்டும் மாற்றுவார்கள். அல்லது ஒரே தகுதியுள்ள இரண்டு பேரை நேரில் அனுப்புவார்கள்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சமூகவியலாளர் டேவா பேஜர் இளைஞர்களை இணை இணையாக வேலை கேட்க அனுப்பினார். 2003இல் வெளியான அந்த ஆய்வில், குற்றப்பதிவு உள்ளவர் என்று சொல்லிக்கொண்ட வெள்ளையருக்கு 17 சதவீத இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது. எந்தக் குற்றப்பதிவும் இல்லாத கறுப்பினத்தவருக்கு 14 சதவீதம். இந்த இரண்டு எண்களும் செய்ததை ஆயிரம் சொற்பொழிவுகள் செய்திருக்க முடியாது. இந்தியாவில் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் தனியார் நிறுவனங்களின் நாளிதழ் விளம்பரங்களுக்கு இதேபோல் விண்ணப்பங்கள் அனுப்பி 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றே. தலித் பெயருக்கு, உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

இன்னொரு வழி, ‘எங்கள் மாநிலத்தில் இல்லை’ என்ற அரசின் மறுப்பை இடத்தோடும் படத்தோடும் உடைப்பது. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் வழக்கத்துக்கு 1993இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. பெஜவாடா வில்சன் முன்னின்று நடத்திய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றபோது, மாநில அரசுகள் அப்படி எதுவும் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. அந்த இயக்கத்தார் ஊர் ஊராகப் போய் உலர் கழிப்பிடங்களைப் படம் எடுத்தார்கள், அள்ளுபவர்களைப் பட்டியலிட்டார்கள், சாக்கடையில் இறந்தவர்களின் விவரத்தைத் திரட்டினார்கள். 2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993 முதல் அப்படி இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சாக்கடை மரணம் நின்றுவிடவில்லை என்பது உண்மை. ஆனால் இல்லை என்று இனி எந்த அரசும் நீதிமன்றத்தில் சாதிக்க முடியாது.

எண்ணிக்கையில் அவசரம் வேண்டாம்

நீங்கள் பதிவு செய்த எண்ணிக்கையும் நடந்த எண்ணிக்கையும் ஒன்றல்ல. பெருவின் உள்நாட்டு மோதலில் இறந்தவர்கள் 25,000 பேர் இருக்கலாம் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மை அறியும் ஆணையம் 2003இல் ஏறத்தாழ 69,000 என்று மதிப்பிட்டது. தனித்தனி அமைப்புகள் தொகுத்த பெயர்ப்பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எத்தனை பெயர்கள் இரண்டு பட்டியல்களிலும் வருகின்றன என்பதைக் கொண்டு எந்தப் பட்டியலிலும் வராதவர்களைக் கணக்கிட்டார்கள். பெரும்பாலோர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழிகளைப் பேசிய மலைநாட்டு ஏழை விவசாயிகள். தலைநகர் லிமாவில் அவர்கள் கணக்கில் வரவே இல்லை. இந்த மதிப்பீட்டை மறுத்துக் குறைவாகக் கணக்கிட்ட புள்ளியியலாளர்களும் உண்டு. விவாதம் நடக்க முடிந்ததே, தரவும் முறையும் வெளியே வைக்கப்பட்டதால்தான். ஆகவே ‘மொத்தம் இத்தனை பேர் இறந்தார்கள்’ என்று எழுதாதீர்கள். ‘இத்தனை இறப்புகளை நாங்கள் பதிவு செய்தோம், இந்த இந்த ஊர்களுக்குப் போக முடியவில்லை’ என்று எழுதுங்கள்.

ஒரு தரப்பை மட்டும் எழுதுபவருக்கு

இது நம்மவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. 1988இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, விடுதலைப் புலிகள், பிற இயக்கங்கள் என எல்லாத் தரப்பின் வன்முறையையும் எழுதியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சிரியாவில் அரசின் குற்றங்களோடு எதிர்ப்பு ஆயுதக்குழுக்களின் குற்றங்களையும் பதிவு செய்த வழக்கறிஞர் ரசான் சைத்தூனே 2013 டிசம்பரில், கிளர்ச்சியாளர் வசமிருந்த தூமா நகரில் கடத்தப்பட்டார். செச்னியாவில் ஆள்கடத்தல்களைப் பதிவு செய்த ‘மெமோரியல்’ அமைப்பின் நத்தாலியா எஸ்தெமிரோவா 2009 ஜூலை 15 அன்று கொல்லப்பட்டார்.

தன் தரப்பு செய்த கொலையை எழுதாதவர் எதிர்த்தரப்பு செய்த கொலையைப் பற்றி எழுதியதையும் யாரும் நம்ப மாட்டார்கள். இது அறம், தொழில் தேவையும்கூட.

வேலை எங்கே இருக்கிறது?

சம்பளம் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். சிறிய அமைப்புகளில் வேலை பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்தான். நிதி நின்றால் வேலையும் நிற்கும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல நாடுகளில் ஆவணக் குழுக்கள் ஆட்களை வேலையிலிருந்து நீக்கின. இந்தியாவில் வெளிநாட்டு நிதிக்கான சட்டக் கெடுபிடிகளும் உண்டு. அம்னஸ்டியின் இந்தியக் கிளை, வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டு 2020 செப்டம்பரில் பணிகளை நிறுத்தியது. அதனால் கைக்கு ஒரு அடிப்படைத் தொழிலை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞராக, மருத்துவராக, இதழாளராக, தரவு ஆய்வாளராக நின்றுகொண்டு இதைச் செய்பவர்கள்தான் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறார்கள்.

தொடக்கத்துக்கு, டெல்லியிலுள்ள தேசிய மனித உரிமை ஆணையம் மாணவர்களுக்குக் கோடை, குளிர்காலப் பயிற்சிகள் நடத்துகிறது. மதுரையின் மக்கள் கண்காணிப்பகம் காவல் சித்திரவதைகளைப் பதிவு செய்வதில் பல ஆண்டு அனுபவம் உள்ளது. பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) போன்ற அமைப்புகளின் உண்மை அறியும் குழுக்களோடு ஒரு முறையாவது போய் வாருங்கள். அங்கே சம்பளம் கிடையாது, ஆனால் மூத்தவர்கள் கேள்வி கேட்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகமும் வெனிஸிலுள்ள குளோபல் கேம்பஸும் நல்ல பெயர் பெற்றவை. ஐ.நா. செயலகத்தின் பயிற்சிப் பணிகளுக்கு ஊதியம் இல்லை, ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருகிறார்கள், களத்துக்கும் அனுப்புகிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டாவதைத் தேடுவது நல்லது.

தமிழை ஒரு தகுதியாக விண்ணப்பத்தில் எழுதத் தயங்காதீர்கள். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமை அலுவலகத்துக்குக் கொடுத்தது. தமிழ் வாக்குமூலத்தைத் தமிழிலேயே படிப்பவருக்கு அத்தகைய வேலையில் மதிப்பு உண்டு. லண்டன், டொரன்டோ போன்ற நகரங்களில் புகலிடம் கோரும் ஈழத்தமிழர் வழக்குகளிலும் அப்படித்தான். கூடவே பிரெஞ்சோ அரபியோ ஒன்றைக் கற்றால் ஐ.நா. வேலைகளுக்கான கதவு இன்னும் அகலும்.

வேலை கிடைத்துக் கையெழுத்துப் போடுமுன் சில கேள்விகள் கேளுங்கள். என்மீது வழக்குப் போட்டால் வழக்கறிஞர் செலவு யாருடையது? களத்தில் காப்பீடு உண்டா? மனநல ஆலோசகரை நான் பார்ப்பது மேலாளருக்குத் தெரியாமல் இருக்குமா? என் மடிக்கணினியைப் பறிமுதல் செய்தால் சாட்சிகளின் பெயர்கள் வெளியே போகுமா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத அமைப்பில் சேர வேண்டாம்.

மனநலத்தை ஒதுக்கிவைக்காதீர்கள். நாள் முழுக்கக் கொடூரக் காட்சிகளைப் பார்ப்பவருக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்காது. காணொளியை முதலில் ஒலியில்லாமல், சிறிய சாளரத்தில் பாருங்கள். அலறல்தான் நெடுநாள் காதில் நிற்கும். படுக்கையறையில் பார்க்காதீர்கள், இரவில் பார்க்காதீர்கள். தேவையான பகுதி 40ஆவது விநாடியில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

முதல் மாதிரி

எந்த அமைப்பும் விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதிய ஏதாவது ஒன்றைக் கேட்கும். கல்லூரிக் கட்டுரையை அனுப்பாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் நடந்து, நீதிமன்ற ஆவணங்கள் வெளியே கிடைக்கும் ஒரு காவல் மரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை, கைதுக் குறிப்பு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, நீதித்துறை நடுவரின் விசாரணைப் பதிவு ஆகியவற்றைத் திரட்டுங்கள். காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1993 டிசம்பரிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அது நடந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ஒரு தாளில் நேரம் வாரியாக இரண்டு நிரல்கள் போடுங்கள். இடப்பக்கம் காவல்துறை சொல்வது, வலப்பக்கம் குடும்பமும் மருத்துவமனைப் பதிவும் சொல்வது. கைது செய்த நேரம், மருத்துவரிடம் கொண்டுபோன நேரம், குடும்பத்துக்குச் சொன்ன நேரம் மூன்றும் எங்கே முட்டுகின்றன என்று பாருங்கள். பிறகு நான்கு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்ற எண் இருக்கட்டும். உரிச்சொற்களை எடுத்துவிடுங்கள். உறுதியானது, பொருந்துவது, தெரியாதது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். உங்களோடு உடன்படாத ஒருவரிடம், முடிந்தால் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம், கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். அவர் கேள்வி எழுப்பிய இடங்களைத் திருத்தி, சாட்சிகளின் பெயர்களை நீக்கி, அந்த நான்கு பக்கங்களை விண்ணப்பத்தோடு அனுப்புங்கள்.